சுளகும் கல்வெட்டும்: பாவூர்சத்திரம் வட்டாரத்தில் ஊர் வரலாறு கற்பித்தல்

ஒரு வட்டாரத்து மக்கள் நிலத்தையும் நீரையும் தொழிலையும் வழிபாட்டையும் காலந்தோறும் எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பதைச் சான்றுகளின் துணையோடு அறியும் முயற்சியே ஊர் வரலாறு எனப்படும். பள்ளிகளில் இது பெரும்பாலும் பாடநூல் வரலாற்றின் பின்னிணைப்பாகவே நடத்தப்படுகிறது. பாண்டியர் பாடம் வரும்போது தென்காசிக் கோயிலும், விடுதலைப் போராட்டப் பாடம் வரும்போது செங்கோட்டை வாஞ்சிநாதனும் நினைவுகூரப்பட்டு, பாடம் முடிந்ததும் ஊர் மறுபடியும் வகுப்பறைக்கு வெளியே போய்விடுகிறது. இவ்வியல் அந்த வரிசையை மாற்றி அமைக்கிறது. மாணவர் வீட்டில் நாள்தோறும் புழங்கும் ஒரு பொருளில் தொடங்கி, கேள்விகளால் அதைச் சான்றாக்கி, அதன் பிறகே ஆவணத்துக்கும் கல்வெட்டுக்கும் செல்லும் முறை இங்கு விளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பாவூர்சத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள தென்காசி, குற்றாலம், கீழப்பாவூர் பகுதிகளையும் சார்ந்தவை.

1. அடிப்படைக் கருத்துகள்

முன்னோர் விட்டுச்சென்றவற்றில் ஒரு சமூகம் தனதெனக் கருதிப் பேணுவன அனைத்தும் மரபுச் செல்வம் ஆகும். கோயில், குளம், மண்டபம் போன்ற கண்ணுக்குப் புலப்படுவனவும், பாட்டு, கைத்தொழில், கொடை விழா, சமையல் போன்று மனிதர்களின் நினைவிலும் கைப்பழக்கத்திலும் மட்டுமே வாழ்வனவும் இதில் அடங்கும். பின்னதைக் காப்பதற்கென யுனெஸ்கோ அமைப்பு 2003ஆம் ஆண்டில் தனியாக ஓர் உடன்படிக்கையே ஏற்படுத்தியது. அன்றாடப் பண்பாடு என்பது இவ்விரண்டிலும் கலந்திருந்தும் மரபு என்று எவரும் பெயரிட்டு அழைக்காத பகுதியாகும். உப்பு வாங்கும் வழக்கம், தண்ணீர் முறை வைக்கும் ஒழுங்கு, சந்தையில் விலை சொல்லும் விதம் ஆகியன யாருக்கும் வரலாறாகத் தோன்றாததாலேயே அவற்றைப் பற்றிய சான்றுகள் விரைவில் மறைகின்றன.

இத்தகைய கற்பித்தலுக்கு நெல்லைச் சீமையில் வலுவான முன்னோடிகள் உண்டு. நா. வானமாமலை (1917–1980) வட்டாரத்து நண்பர்கள் பலர் தேடிக் கொடுத்த நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டதோடு, நெல்லை ஆய்வுக் குழுவின் வழியாகவும் ‘ஆராய்ச்சி’ இதழின் வழியாகவும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களையும் ஆய்வில் ஈடுபடுத்தினார். பாளையங்கோட்டையைச் சேர்ந்த தொ. பரமசிவன் (1950–2020) தமது ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் உணவு, உடை, உறவுமுறை போன்ற எளிய செய்திகளிலிருந்து சமூக வரலாற்றை எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ இதே நோக்கில் சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், தொழிலாளர்கள் தம் பணியிடத்தின் வரலாற்றைத் தாமே ஆராய்வதற்கான கையேடு ஒன்றை 1978இல் எழுதினார். அவரவர் நிற்கும் இடத்திலேயே தோண்ட வேண்டும் என்பது அதன் தலைப்பின் பொருளாகும். ஊரார் வரலாற்றின் பொருளாக மட்டும் இல்லாமல் அதை ஆராய்பவராகவும் இருக்க முடியும் என்பதில் இவர்கள் மூவரும் ஒன்றுபடுகின்றனர்.

2. கண்டது, கேட்டது, எழுதியது

ஊர் வரலாற்று வகுப்பின் முதற்கருவி மூன்று பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடாகும். மாணவர் நேரில் பார்த்து அளந்து வரைந்தவற்றை ‘கண்டது’ என்ற பத்தியிலும், பிறர் வாயிலாக அறிந்தவற்றை ‘கேட்டது’ என்ற பத்தியிலும், கல்வெட்டு, பதிவேடு, ரசீது, அழைப்பிதழ் போன்றவற்றில் படித்தவற்றை ‘எழுதியது’ என்ற பத்தியிலும் குறிக்க வேண்டும். மூன்றில் ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்ற எண்ணம் தொடக்கத்திலேயே களையப்பட வேண்டும். எழுத்துச் சான்று எழுதியவரின் நோக்கத்துக்கு உட்பட்டது, வாய்மொழிச் சான்று நினைவின் இயல்புக்கு உட்பட்டது, கண்ணால் கண்டதும் காண்பவர் எதைத் தேடிச் சென்றாரோ அதற்கு உட்பட்டது. ஒரு செய்தி மூன்று பத்திகளிலும் ஒத்துவரும்போது உறுதி கூடுகிறது. முரண்படும்போது உண்மையான பாடம் தொடங்குகிறது.

3. ஊர்ப்பெயரும் நீரின் போக்கும்

பாவூர்சத்திரம் என்ற பெயரைப் பிரித்தாலே முதல் பாடம் கிடைத்துவிடுகிறது. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கவும் உண்ணவும் அறமாக அமைக்கப்பட்ட விடுதியாதலால், பாவூர் என்ற ஊருக்கும் அதன் அருகே சென்ற ஒரு வழிக்கும் உள்ள உறவை இப்பெயர் சொல்கிறது. வடக்கே கீழப்பாவூரும் அதனோடு இணைத்துப் பேசப்படும் மேலப்பாவூரும் இருக்க, திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையிலான சாலையில் சத்திரத்தின் பெயரால் வளர்ந்த இவ்வூர் இன்று தாய் ஊர்களைவிடப் பெரிய கடைத்தெருவைக் கொண்டிருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை வரையிலான இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டபோது அது இவ்வூர் வழியாகவே சென்றது. மீட்டர் கேஜ் பாதையாக இருந்த அது 2012இல் அகலப் பாதையானது. திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரமும் பெயரில் சத்திரத்தையும் தொழிலில் பெரிய காய்கறிச் சந்தையையும் கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, சத்திரம் இருந்த இடங்கள் சந்தையாக மாறுவதற்கு வழிகளின் சந்திப்பு காரணமாகுமா என்ற கேள்வியை மாணவரிடம் விட்டுவிடலாம்.

சத்திரத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால், தென்மாவட்டங்களில் பல இடங்களில் ராணி மங்கம்மாளின் பெயரே விடையாக வரும். 1689 முதல் 1706 வரை மதுரையிலிருந்து ஆட்சிப் பொறுப்பை நடத்திய அவர் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர்பெற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனாலேயே பழைய சாலைகள் எல்லாம் அவர் பெயரில் சேர்ந்துவிடும் இயல்பும் உண்டு. இத்தகைய விடையைத் தவறென்று தள்ளாமல், ‘கேட்டது’ பத்தியில் சொன்னவரின் பெயரோடு எழுதிவைத்து, மற்ற இரண்டு பத்திகளையும் நிரப்ப முடிகிறதா என்று தேடவைப்பதே ஆசிரியர் செய்ய வேண்டியதாகும்.

மேல, கீழ என்னும் அடைமொழிகள் நிலத்தைப் படிக்கக் கற்றுத்தருகின்றன. மேற்கே மலையும் கிழக்கே தாழ்நிலமும் உள்ள இப்பகுதியில் மேல் என்பது மேற்கையும் கீழ் என்பது கிழக்கையும் குறிப்பதால், திசைச்சொல்லே நீரின் போக்கையும் காட்டிவிடுகிறது. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. வழியில் அதன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன, அவ்வணைக்கட்டுகளுள் பாவூர் பெயரிலும் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் விழும் சாரல் வெளியூராருக்கு அருவிக் குளியலுக்கான பருவமாகவும், இவ்வட்டாரத்து உழவருக்குக் கார் சாகுபடிக்கான அறிகுறியாகவும் அமைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய அடுத்த சாகுபடி பிசானம் எனப்படும். மாணவர் ஒரு குளத்தின் கரையில் நடந்து மடை, மறுகால், கலிங்கு ஆகியவற்றின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு மடைக்கும் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுவது இப்பகுதிக்கான களப்பணியாகும். மடை என்பது குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். மறுகால் என்பது குளம் நிறைந்தபின் மிகுதி நீர் அடுத்த குளத்துக்குப் போகும் வழி. அவ்வழியில் கல்லால் கட்டப்பட்ட தடுப்பே கலிங்கு. கேட்ட பெயர்களைக் கிராம நிர்வாக அலுவலகத்துப் புல வரைபடத்தோடும் நிலப் பதிவேட்டோடும் ஒப்பிடும்போது, பேச்சில் வாழும் சில பெயர்கள் எழுத்தில் இல்லாததையும், எழுத்தில் உள்ள சில நீர்வழிகள் நிலத்தில் இல்லாததையும் காண நேரிடலாம்.

4. சுளகு: ஒரு பொருளை நெருங்கிப் பார்த்தல்

பாவூர்சத்திரத்தைச் சுற்றிய ஊர்களில் பெண்களின் மடியில் நாளெல்லாம் இருக்கும் சுளகு, இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றை வேறெந்தப் பொருளையும்விட நிறைவாகக் காட்டவல்லது. நெல் புடைக்கப் பயன்பட்ட அதே வடிவப் பொருள் பீடி சுற்றும் தட்டாக மாறியிருப்பது, உழவிலிருந்து வீட்டுத் தொழிலுக்கு உழைப்பு நகர்ந்த கதையைச் சொல்கிறது. அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்பதே பாடமாகும்.

நனைத்து மென்மையாக்கப்பட்ட இலை, அதை ஒரே அளவில் வெட்ட உதவும் தகடு, கத்தரிக்கோல், புகையிலைத் தூள், நூல் என்று ஐந்து பொருள்களை மாணவர் பட்டியலிடுவர். இவற்றுள் இலையோ தூளோ இவ்வட்டாரத்தில் விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளில் பறிக்கப்படுகிறது, புகையிலை குசராத்திலும் கருநாடகத்திலும் பயிராகிறது. மழையை நம்பிய நிலமும், வீட்டைவிட்டு நெடுந்தொலைவு போக முடியாத பெண்களின் உழைப்புமே இங்குள்ள மூலப்பொருள்கள் என்பதை இப்பட்டியல் தானாகவே வெளிப்படுத்துகிறது. அடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுவதையும், இருபத்தைந்து பீடி ஒரு கட்டாவதையும், அளவு தவறியவை கழிக்கப்படுவதையும் கணக்குப் பாடத்தோடு இணைக்கலாம். கம்பெனி, கடை, வீடு என்ற மூன்று படிகளில் சரக்கு எவ்வாறு போய்வருகிறது என்பதைப் படமாக வரையும்போது, முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் காணாமலேயே நடக்கும் ஒரு தொழிலின் அமைப்பு புலனாகிறது.

இதற்குரிய எழுத்துச் சான்று, பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் தொழிலாளர் அட்டையும் கணக்குப் புத்தகமுமாகும். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் பணிநிலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1966இல் நடுவண் அரசால் இயற்றப்பட்டு, வீட்டிலிருந்து வேலை செய்வோரும் தொழிலாளரே என்று ஏற்கப்பட்டதன் விளைவே அவ்வட்டை என்பதை விளக்கினால், நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்துக்கும் பாட்டியின் பெட்டிக்கும் இடையே உள்ள தொடர்பை மாணவர் உணர்வர். பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்த காலத்தைப் பற்றிய பேச்சு ‘கேட்டது’ பத்திக்கு உரியது. அதைக் கேலிக்கு இடமின்றி, குடும்ப வருமானத்தின் வரலாறாகப் பதிவுசெய்தல் வேண்டும்.

இப்பாடத்தில் ஒரு வரம்பு கட்டாயமானது. பீடி தயாரித்தல் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் சிறார்க்குத் தடைசெய்யப்பட்ட பணிகளுள் ஒன்றாக இடம்பெற்றதாலும், தூள் உடல்நலனைக் கெடுப்பதாலும், செய்துபார்த்தல் என்ற பெயரில் மாணவரை எந்நிலையிலும் பீடி சுற்றவைக்கக் கூடாது. வெறும் சுளகும் வரைபடமும் உரையாடலும் போதுமானவை.

5. சந்தைச் சீட்டும் மாநில எல்லையும்

காமராசர் பெயரில் அமைந்த பாவூர்சத்திரம் தினசரிச் சந்தையில் ஏலம் முடிந்ததும் உழவருக்குத் தரப்படும் சீட்டு, வகுப்புக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஆவணமாகும். காயின் பெயர், எடை, விலை, கமிஷன், கூலிப் பிடித்தம் ஆகியன அதில் இருக்கும். ஒரு மாதத்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினால், ஓணத்தையொட்டிக் கேரளத்தில் தேவை கூடும்போது விலை எவ்வாறு அசைகிறது என்பதை மாணவரே வரைபடமாக்க முடியும். சரக்கு ஏற்றிய வண்டிகள் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மேற்கே செல்கின்றன. 1956 நவம்பர் 1 வரை மாநில எல்லை இன்று இருக்கும் இடத்தில் இல்லை. அந்நாளில்தான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தென்காசிக்கு அடுத்த ஊரே வேறு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் சரக்கும் மனிதரும் எவ்வாறு போய்வந்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்களாதலால், இந்நேர்காணல்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும்.

அளவைகளும் இங்கே இணைத்துக் கற்பிக்கத் தக்கவை. கிலோவும் லிட்டரும் 1950களின் இறுதியிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வருமுன், நெல்லைச் சீமையில் நெல் படி, மரக்கால், கோட்டை என்று அளக்கப்பட்டது. 21 மரக்கால் ஒரு கோட்டையாகும். நிலத்தின் பரப்பும் அதில் விதைக்கத் தேவைப்படும் நெல்லைக்கொண்டு கோட்டை விதைப்பாடு என்றே சொல்லப்பட்டதால், ஒரே சொல் தானியத்தையும் நிலத்தையும் அளந்ததைக் காணலாம். பழைய பத்திரம் ஒன்றில் இச்சொல்லைக் கண்டுபிடிக்கும் மாணவருக்கு, அளவை என்பது நிலத்தைப் பற்றிய ஒரு பார்வையும் ஆகும் என்பது தானே விளங்கும்.

6. தென்காசிக் கோபுரம்: கல்லும் நினைவும்

அன்றாடப் பொருளில் பழகிய மூன்று பத்தி முறையைப் பெரிய நினைவுச்சின்னத்துக்குக் கொண்டுசெல்ல, காசி விசுவநாதர் கோயில் மிகப் பொருத்தமானது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் இக்கோயில் திருப்பணியைத் தொடங்கினான். அவன் பெயரால் அமைந்த கல்வெட்டுப் பாடல்களுள் ஒன்று, பிற்காலத்தில் கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமானால் அதைச் சீர்செய்து காப்பவர்களை உலகறியத் தான் பணிவதாகக் கூறுகிறது. தன் வெற்றியைப் பாடச்செய்யும் மெய்க்கீர்த்திகளின் மரபில் (அரசனின் புகழைத் தொகுத்துரைக்கும் கல்வெட்டு முன்னுரை மெய்க்கீர்த்தி எனப்படும்) வந்த ஓர் அரசன் முகமறியாத பிற்காலத்தாரை வணங்குவது அரியதாகும்.

அக்குறை நேரவும் செய்தது. பழைய கோபுரம் சிதைந்து நெடுங்காலம் அந்நிலையிலேயே நின்று, ஒன்பது நிலைகளோடு புதிதாக எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. ஆகவே ஐம்பது வயதைக் கடந்த இவ்வட்டாரத்தார் பலர், கோபுரம் சிதைந்து நின்றதையும் எழுந்ததையும் தாமே கண்டவர்கள். மாணவர் கல்வெட்டின் பொருளை ‘எழுதியது’ பத்தியிலும், இன்றைய கோபுரத்தில் அடித்தளக் கல்லும் மேற்கட்டுமானமும் வேறுபடும் இடத்தை ‘கண்டது’ பத்தியிலும், திருப்பணிக்காலத்து நினைவுகளை ‘கேட்டது’ பத்தியிலும் எழுதும்போது, ஐந்து நூற்றாண்டு இடைவெளி கொண்ட ஒரு வேண்டுகோளும் அதன் நிறைவேற்றமும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடுகின்றன. யார் நன்கொடை தந்தனர், யார் கல் சுமந்தனர், எந்தப் பெயர்கள் பலகையில் உள்ளன, எவை இல்லை என்பன இதைத் தொடரும் கேள்விகள்.

குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்கள், கீழப்பாவூரின் பதினாறு கை நரசிம்மர், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் நடத்திய இலக்கியக் கூட்டங்கள், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் ஆகியவற்றையும் இதே முறையில் எடுத்துக்கொள்ளலாம். எனினும் ஓராண்டில் ஒரு சின்னத்தை முழுமையாக ஆராய்வது, பத்துச் சின்னங்களைப் பேருந்தில் சுற்றிவருவதைவிடப் பயன் தரும்.

7. களப்பணியின் ஒழுங்கு

ஒவ்வொரு நேர்காணலிலும் சொல்பவரின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். சொன்னவர், ஏறத்தாழ வயது, இடம், நாள் ஆகியவற்றோடு, சொன்ன செய்தியை அவர் தாமே கண்டாரா, பிறரிடம் கேட்டாரா என்பதும் குறிக்கப்பட வேண்டும். ‘அந்தக் காலம்’ என்ற விடைக்கு ஆண்டைக் கேட்டு நெருக்குவதைவிட, அப்போது அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா, ரயில் பெரிய பாதையாகிவிட்டதா, கோபுரம் எழுந்துவிட்டதா என்று ஊரறிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்திக் கேட்டால் காலம் துலங்கும். வட்டாரச் சொற்களைத் திருத்தாமல் ஒலித்தவாறே எழுத வேண்டும்; கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குத் தொகுத்த அகராதியைப் போன்ற ஒரு சொற்பட்டியல் ஒவ்வொரு வகுப்பிலும் வளர்வது நலம்.

ஊர் வரலாறு எளிதில் சாதிப் பெருமையாகத் திரியும் ஆபத்து உடையது. கொடை விழா, குளத்து முதல் மரியாதை, தெருவின் பெயர் ஆகியவற்றைக் கேட்கும்போது ஒரு தெருவின் கூற்றையே ஊரின் கூற்றாகக் கொள்ளாமல், எல்லாத் தெருக்களிலும், குறிப்பாகப் பெண்களிடமும் கூலித் தொழிலாளரிடமும் கேட்டு, முரண்படும் கூற்றுகளை அருகருகே பதிவதே முறையாகும். வில்லுப்பாட்டில் ஒரே தெய்வத்தின் கதை ஊருக்கு ஊர் மாறுவதை எடுத்துக்காட்டி, கதை ஏன் மாறுகிறது என்று சிந்திக்கவைக்கலாம்.

பழம்பொருள்களைப் பொறுத்தவரை சட்ட அறிவு தேவை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டும் பானை ஓடும் அடையாளம் காணக் கற்றதும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் தொன்மையை ஒரு பள்ளி ஆசிரியர் கவனப்படுத்தியபின் அங்கு அகழாய்வு நடந்ததும், பள்ளிகளால் இயலுவதைக் காட்டுகின்றன. ஆயினும் மாணவர் தோண்டுதல் கூடாது; மேற்பரப்பில் கண்டதைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தை நினைவிற்கொண்டு வருவாய்த் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். கல்வெட்டின்மீது சுண்ணக்கட்டி, எண்ணெய், மாவு எதையும் தடவாமல், காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது படமெடுத்தாலே எழுத்துகள் தெளியும்.

8. கால ஒதுக்கீடும் மதிப்பீடும்

வாரத்துக்கு இரண்டு பாடவேளை வீதம் எட்டு வாரங்கள் இப்பணிக்குப் போதுமானவை. முதல் வாரம் குறிப்பேட்டுப் பயிற்சிக்கும், இரண்டாம் வாரம் ஊர்ப்பெயருக்கும், மூன்றாம் வாரம் குளக்கரை நடைக்கும், நான்காம் ஐந்தாம் வாரங்கள் ஒரே ஒரு வீட்டுப் பொருளுக்கும், ஆறாம் வாரம் நேர்காணலுக்கும், ஏழாம் வாரம் நினைவுச்சின்னத்துக்கும், எட்டாம் வாரம் தொகுப்புக்கும் ஒதுக்கப்படலாம். மதிப்பெண் வழங்கும்போது சேர்த்த செய்திகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு செய்தியும் எப்பத்திக்கு உரியது என்பதை மாணவர் சரியாகப் பிரித்துள்ளாரா என்பதும், தம் முதல் ஊகத்தைச் சான்று மாற்றியபோது அதை வெளிப்படையாக எழுதியுள்ளாரா என்பதும் கருதப்பட வேண்டும்.

தொகுக்கப்பட்டவை ‘ஊர் ஏடு’ என்ற பெயரில் நூலாகக் கட்டப்பட்டு, ஒரு படி பள்ளியிலும் ஒரு படி ஊர் நூலகத்திலும் வைக்கப்பட வேண்டும். சொன்னவர்களை அழைத்து அவரவர் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுவதும் இன்றியமையாதது. ஒவ்வோர் ஏட்டின் முடிவிலும் பத்துத் தாள்கள் எழுதாமல் விடப்பட்டு, படிப்பவர் எவரும் பெயரும் நாளும் இட்டுத் திருத்தம் எழுதலாம் என்ற குறிப்பு முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் தம் பணியை அத்திருத்தங்களைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்குவர்.